கட்டுப்பாட்டுக் குழு

பால்மா ரின்னுக்குள் துண்டுக் கடதாசிகளைப் போட்டுக்
குலுக்கினார் நிர்மலராஜ் சேர்.
ஒற்றை எண் வந்தவர்கள் ஊர்க்கிணறுகளை அளக்கப் போகலாம்;
இரட்டை எண்ணுக்கு விரிவுரை மண்டபம்.
எனக்கு வந்தது பதினெட்டு.
"நீங்கள் கட்டுப்பாட்டுக் குழு" என்றார்,
பதவி ஒன்றைக் கையில் தருவதுபோல.

பத்து வாரம்.
மின்கடத்துதிறனுக்கு மூன்று தரம் வரைவிலக்கணம் எழுதினேன்.
சிவப்புப் பேனையால் அடிக்கோடு.
மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றது;
அந்தத் தாளத்தில்தான் எல்லாம் பாடமாகியது.

அவர்கள் வலையிறவுப் பாலம் தாண்டி
வவுணதீவுப் பக்கம் போய்வந்தார்கள்,
கறுத்துப்போய், சேற்றுக் காலோடு,
ஒருவரோடொருவர் கோபித்துக்கொண்டு.
பவிதரன் ஆறு கிணற்றின் அளவைத்
தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து எழுதினானாம்.
நாலு நாள் யாரும் அவனோடு கதைக்கவில்லை.
ஐந்தாம் நாள் தனியே சைக்கிள் எடுத்துப்போய்
ஆறையும் அளந்தான். ரியூப் வெடித்து
உருட்டிக்கொண்டு வந்துசேர இருட்டிவிட்டது.
இது எந்த வினாத்தாளில் வரும்,
எத்தனை புள்ளி?

விடுதி அறையில் ஹஸ்மினாவின் கட்டிலுக்குக் கீழே
முப்பத்தியொரு சோடாப் போத்தல்கள்,
ஒட்டிய இலக்கங்கள் பாதி அழிந்து.
பன்னிரண்டு மணிக்கும் மேசைவிளக்கை அணைக்கமாட்டாள்.
"பதினாறு நல்ல தண்ணி. பதினேழு உப்பு.
வாவிக்குக் கிட்ட இருக்கிறது பதினாறுதான்.
என்னகா இது, மீற்றர் பொய் சொல்லுதா,
நான் பொய் சொல்றனா?"

போர்வைக்குள் இருந்து கேட்டேன்:
"பின்னால இறால் குளம் கிளம் இருக்கா?"
சிவப்பு அடிக்கோட்டின் மேல் படுத்துக்கிடந்த ஒரு வரி
அப்போதுதான் முதல்தரம்
எழும்பி உட்கார்ந்தது.

போயா விடுமுறை. நான் போகக்கூடாது,
எனக்கே தெரியும்.
பதினேழாம் கிணற்றுக்காரி கைகட்டிக்கொண்டு நின்றா.
"முந்தியும் வந்தாங்க, எழுதினாங்க, போனாங்க.
நீங்க எழுதினா தண்ணி இனிக்குமா?"
ஒருத்தரிடமும் விடையில்லை.
வாளியை நான் இறக்கினேன். கயிறு உள்ளங்கையை உரித்தது.
மூவாயிரத்து நூற்றிநாற்பது.
ஹஸ்மினா இரண்டாம் தரமும் அளந்தாள், மூன்றாம் தரமும்.
வேலிக்கு அப்பால், பற்றைக்குள்,
கைவிட்ட இறால் குளம்
வெள்ளைப் பொருக்கு விளிம்போடு கிடந்தது.
பவிதரன் போட்ட கூச்சல் பாலம்வரை கேட்டிருக்கும்.
அவ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை;
என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு
கரித்துண்டால் குசினிச் சுவரில் எழுதினா.

பின்சோதனைப் பெறுபேறு வந்தது.
அவர்களுக்குச் சராசரியில் பதினொரு புள்ளி கூட.
எங்களுக்கு நாலு.
எனக்குப் பத்தொன்பது.

சேர் வரைபைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
கூட்டத்தை விட்டு வெகு மேலே தனியாக ஒரு குற்று.
விழுந்து விழுந்து படித்தாள் என்று நினைத்திருப்பார்;
என் கொப்பியின் அழகு அப்படி.
கதவைத் தட்டினேன்.
"சேர், நானும் போனேன்."
"எத்தனை தரம்?"
"ஒருக்கா." கொஞ்சம் பொறுத்து,
"மறுகா இன்னும் நாலு தரம்."

ஏசவில்லை. சிரிக்கவுமில்லை.
இருபதை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினார்.
அடிக்குறிப்பு: ஒருவர் நீக்கப்பட்டார்.
நேர்மையான அட்டவணை.
என்னைத் தவிர எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

கார்த்திகையில் வானம் மூன்று நாள் விடாமல் கொட்டியது.
நாலாம் நாள் காலை,
தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு.
"மழை பேஞ்சிற்று, புள்ள.
எப்ப அளக்க வாறீங்க?"

காதில் போனை இடுக்கிக்கொண்டு
கட்டிலுக்குக் கீழே குனிந்து
கழுவிய போத்தல் ஏதும் கிடக்கிறதா என்று
கையால் துழாவினேன்.